பி-2 விசாவில் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு, எஃப்-1 விசாவில் படிக்கப் போவது: அமெரிக்கப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போய்வர ஒரு வாய்ப்பு வருகிறது. அடுத்த ஆண்டு அங்கேயே முதுகலை படிக்கும் எண்ணமும் இருக்கிறது. போகிற போக்கில் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களையும் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பார்த்துவிட்டு வரலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பார்க்கப் போவது ஒரு பயணம், படிக்கப் போவது வேறொரு பயணம். இரண்டுக்கும் விசா வேறு (பார்க்கப் போக பி-2 என்ற பார்வையாளர் விசா, படிக்கப் போக எஃப்-1 என்ற மாணவர் விசா), பேச வேண்டிய பேச்சு வேறு, பெட்டியில் வைக்க வேண்டிய பொருளும் வேறு. நான் பார்த்தவரையில் சிக்கிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு பயணத்துக்குள் மற்றொன்றைத் திணிக்கப் பார்த்தவர்கள்தான்.

நான் வழக்கறிஞன் அல்லன். உறவிலும் அக்கம்பக்கத்திலும் பலருக்கு இந்த விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பிக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்தவன். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

1. இந்தப் பயணம் உங்களுக்குத் தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பி-2 விசா ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எளிது. இந்தியர்களுக்கு இந்த விசா பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு, பலமுறை நுழையும் அனுமதியுடன் தரப்படுகிறது. பெற்றோருடன் எப்போதோ வாங்கிய விசா இன்னும் செல்லுபடியாகிறது என்றால் பயணச்சீட்டு வாங்கினால் போதும்.

விசா இல்லாதவர் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. முதன்முறை பி-2 நேர்காணலுக்கு இந்தியாவில் ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்த காலங்கள் உண்டு. மாணவர் விசாவுக்குக் காத்திருப்பு பொதுவாக அதைவிடக் குறைவு. ஆகவே பி-2 நேர்காணல் நாள் வருவதற்குள் சேர்க்கைக் கடிதமே வந்துவிடக்கூடும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பி-2 விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்த நிராகரிப்பு அழியாது. பிறகு எஃப்-1 விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதிலளித்தே ஆக வேண்டும். படித்து முடித்து வேலையில் சேராத, திருமணமாகாத இருபத்திரண்டு வயதுக்காரர் சுற்றுலா விசா கேட்டால், திரும்பி வருவார் என்று நம்ப அதிகாரிக்குக் காரணங்கள் குறைவாகவே இருக்கும். குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்கீழ் மறுப்புக் கடிதம் கையில் வந்துவிடும். இது நிரந்தரத் தடை இல்லை; ஆனாலும் அடுத்த நேர்காணலில் விளக்கம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை நாமே விலை கொடுத்து வாங்கியதாகும். விசா இல்லாத மாணவர் ஆறு மாதத்துக்குள் சேர்க்கையை எதிர்பார்த்தால், பார்வையாளர் பயணத்தை விட்டுவிட்டு நேராக எஃப்-1 விண்ணப்பத்துக்குப் போகட்டும் என்பதே என் கருத்து. பல்கலைக்கழகத்தை இணையவழிச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளலாம்.

2. பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

பல நாட்டு வழிகாட்டிகளில் இதற்குத் தனிப் படி தேவைப்படாது. தலைப்பெழுத்து வழக்கம் உள்ள நமக்குத் தேவைப்படுகிறது.

கவிதா என்ற பெண்ணின் தந்தை பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் ‘எம். கவிதா’ என்றும், பட்டச் சான்றிதழில் ‘கவிதா எம்’ என்றும் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்க, ‘கவிதா முருகேசன்’ முழுவதும் இயற்பெயர்க் கட்டத்தில் இருக்கும். இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு வரும் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்துகள், அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்ற குறிப்பு, வந்து உட்காரும். பின்னாளில் வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்றெழுத்தே பெயராகித் தொடர்ந்து வருவதைப் பலரும் புலம்பிக் கேட்டிருக்கிறேன்.

பாஸ்போர்ட்டை மறுபடி வழங்கக் கேட்டு, ‘கவிதா’ இயற்பெயராகவும் ‘முருகேசன்’ குடும்பப் பெயராகவும் பிரித்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. எல்லாவற்றுக்கும் முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பம், ஜிஆர்இ அல்லது டோஃபல் தேர்வுப் பதிவு, சேர்க்கைக்குப் பின் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் ஆகிய நான்கிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாதி வேலை முடிந்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் நான்கையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும்.

பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். பெயர் மாறியிருந்தால் பழைய விசாவை அப்படியே பயன்படுத்த முடியாமல் போகலாம் என்பதால், கையில் பி-2 இருப்பவர் பயணத்தை முடித்துவிட்டு வந்து, மாணவர் விசா வேலையைத் தொடங்கும் முன் பெயரைப் பிரித்துக்கொள்வது உத்தமம்.

3. பயண நாட்களைச் சேர்க்கை நாட்காட்டியோடு பொருத்துங்கள்

நம் வீடுகளில் பயணம் மே, ஜூன் மாதங்களில்தான் அமையும். அந்த நேரத்தில் அமெரிக்க வளாகங்கள் பாதி காலியாக இருக்கும். பேராசிரியர்கள் ஆய்வுக்கோ விடுமுறைக்கோ போயிருப்பார்கள். கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

வகுப்புகள் நடக்கும்போது பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் இரண்டு வாரம் வரை நல்ல காலம். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டிய வாரத்தையும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரையிலான இடைவெளியையும் தவிருங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையும் நல்ல காலமே, மார்ச்சில் வரும் ஒரு வார விடுமுறையை மட்டும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியில் பார்த்து ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் முதுகலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி நடு வரை விண்ணப்பக் கெடு முடிகிறது. ஆகவே எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யப் போகிறவருக்கு அக்டோபர்ப் பயணம் பயன்படும். சேர்க்கைக் கடிதங்கள் வந்தபின் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கப் போகிறவருக்கு மார்ச், ஏப்ரல் பயன்படும். உதவித்தொகையுடன் கூடிய இடங்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருகின்றன.

இந்த இரண்டாம் வகைப் பயணத்தில் ஓர் எச்சரிக்கை. ஏப்ரலில் போய் மே மாதம் திரும்பிவிடுங்கள். ஜூலை வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தால், ஐ-20, கட்டணம், நேர்காணல் எல்லாவற்றுக்கும் நான்கே வாரம் மிஞ்சும். கோடைகாலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பதே பாடாக இருக்கும்.

மொத்தப் பயணம் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம். பல்கலைக்கழகம் பார்க்க அதற்குமேல் தேவைப்படாது. தேவைக்கு மேல் தங்குவதற்குக் காரணம் கேட்பார்கள்.

4. பி-2 விண்ணப்பத்தில் படிப்பு எண்ணத்தை மறைக்காதீர்கள்

‘படிக்கப் போகிறேன் என்று வாயே திறக்காதே, அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்’ என்று அறிவுரை சொல்ல நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவுரை தவறானது, ஆபத்தானதும்கூட.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்காக நேரில் பார்க்க வருவது பி-2 விசாவுக்கு உரிய நோக்கமே என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேடு ஏற்கிறது. அப்படி வருபவரின் விசாவில் ‘வருங்கால மாணவர்’ என்ற பொருளில் ஒரு குறிப்பை அதிகாரி அச்சிடலாம். ஆகவே மறைக்க வேண்டிய விஷயம் இங்கே எதுவும் இல்லை. மறைத்தால்தான் விஷயமாகிறது. முக்கியமான உண்மையை மறைத்து விசா பெற்றதாகத் தீர்மானிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவின்கீழ் வரும் நுழைவுத் தடைக்குக் கால வரம்பு கிடையாது.

டிஎஸ்-160 படிவத்தில் நோக்கம் சுற்றுலா என்ற பி-2 வகையையே தேர்ந்தெடுங்கள். நேர்காணலில் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: ‘அக்டோபரில் மூன்று வாரம் அண்ணன் வீட்டில் தங்குகிறேன். அடுத்த ஆண்டு முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். இந்த மூன்று வளாகங்களைப் பார்க்கப் பதிவு செய்திருக்கிறேன். நவம்பர் 5 அன்று திரும்பி வந்து, சேர்க்கை கிடைத்தால் சென்னையிலேயே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பேன்.’ உண்மையும் இதுதான், கேள்விக்கான விடையும் இதுதான். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

வேலையில் இருப்பவர் விடுப்புக் கடிதத்தையும், படிப்பவர் கல்லூரியின் சான்றுக் கடிதத்தையும், செலவை ஏற்பவர் வருமான வரிக் கணக்கையும் எடுத்துச் செல்வது நல்லது. அவற்றை அதிகாரி பார்க்காமலேயே முடிவு சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும். சென்னை ஜெமினி மேம்பாலத்துக்கு அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சாளரத்தின் முன் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். காகிதத்தைவிடப் பேச்சே அங்கு எடைபோடப்படுகிறது.

5. பெட்டியை நீங்களே கட்டுங்கள்

என் அக்கா மகள் இப்படி ஒரு பயணம் புறப்பட்டபோது, முதல்நாள் இரவு அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே பச்சை நிறக் கோப்பு ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்பு முதல் எட்டாவது செமஸ்டர் வரை எல்லா மதிப்பெண் பட்டியலும், மாற்றுச் சான்றிதழும், பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தந்த மூன்று உறைகளும் அசல் அசலாக உள்ளே இருந்தன. ‘எதுக்கும் இருக்கட்டுமே மாமா, அங்கே யாராவது கேட்டா?’ என்றாள். அசல் சான்றிதழோடு மூன்று வாரச் சுற்றுலாவுக்கு யார் போவார்கள் என்று நுழைவு அதிகாரி கேட்டால் அவளிடம் பதில் இருந்திருக்காது. கோப்பை பீரோவுக்குத் திருப்பி அனுப்பினோம்.

அசல் சான்றிதழ்கள், வேலையிலிருந்து விடுவிப்புக் கடிதம், தடுப்பூசி அட்டைகளின் முழுத் தொகுப்பு, ஓராண்டுக்கான மருந்து, இரண்டு பிரஷர் குக்கர் ஆகியவை பார்வையாளரின் பெட்டிக்கு உரியவை அல்ல. பேராசிரியரிடம் காட்ட மதிப்பெண் பட்டியலின் நகல் ஒன்று போதும்.

இரு வழிப் பயணச்சீட்டு எடுங்கள். ஒரு வழிச் சீட்டைச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் ‘எப்போது திரும்புவீர்கள்’ என்ற கேள்விக்கு அச்சிட்ட நாளைப்போல் நல்ல பதில் வேறில்லை.

கைப்பையில் இருக்க வேண்டியவை: தங்கும் வீட்டின் முகவரி, வளாகச் சுற்றுக்குப் பதிவு செய்ததன் மின்னஞ்சல் அச்சுகள், திரும்பும் சீட்டு, மருத்துவக் காப்பீடு. இவற்றைச் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். அபுதாபி வழியாகச் செல்லும் பல விமானங்களுக்கு அமெரிக்க நுழைவுச் சோதனை அபுதாபி விமான நிலையத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பெட்டி கையில் இல்லாத நேரத்தில் காகிதம் கேட்கப்படும்.

6. நுழைவுச் சோதனை

விசா என்பது வாசல்வரை வருவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே விடுவதும், எத்தனை நாள் விடுவது என்பதும் நுழைவு அதிகாரியின் முடிவு. துணைத் தூதரகத்தில் சொன்னதையே இங்கும் சொல்லுங்கள்: மூன்று வாரம், அண்ணன் வீடு, மூன்று வளாகம், இன்ன தேதியில் திரும்புகிறேன்.

கைபேசியைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதைப் பலர் நம்புவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொன்னான். அவன் வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு ‘ஆகஸ்டுல காலேஜ்ல சேர்ந்துடுவேன் மச்சி, அதுவரைக்கும் அண்ணன் வீடுதான்’ என்று அனுப்பிய செய்தி இருந்தது. விசா ரத்தாகி அடுத்த விமானத்தில் திரும்பி வந்தான். அவன் கையில் உண்மையான சேர்க்கைக் கடிதம் இருந்தது; முறையாக விண்ணப்பித்திருந்தால் மாணவர் விசாவே கிடைத்திருக்கக்கூடியவன்.

உள்ளே போனதும் அன்று இரவே ஐ-94 பதிவை எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கக்கூடிய கடைசி நாள் அதில்தான் இருக்கிறது. வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். ‘என் விசா 2033 வரை இருக்கிறதே’ என்று அந்த நாளைத் தாண்டியவர்களின் கதை சோகமானது: ஒருநாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும், 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கினால் பத்தாண்டும் நுழையத் தடை வரும்.

7. அங்கே இருக்கும்போது எதைச் செய்யலாம்

வளாகச் சுற்றுக்கும் சேர்க்கை அலுவலகத்தின் தகவல் கூட்டத்துக்கும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம். இவை பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்கானவை. முதுகலைக்குப் போகிறவர் துறையின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, துறையை எப்போது பார்க்கலாம் என்று கேட்க வேண்டும். பேராசிரியருக்கு எழுதுவதானால் அவருடைய ஆய்வில் ஒன்றைப் படித்துவிட்டு எழுதுங்கள்; ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள்.

அனுமதி பெற்று ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். சேர்க்கை நேர்காணலுக்குப் போகலாம். விண்ணப்பக் கட்டணமும், இடத்தை உறுதிசெய்யும் முன்பணமும் கட்டலாம். அங்கு படிக்கும் நம்மூர் மாணவர்களைச் சந்தித்து வாடகை எவ்வளவு, பேருந்து இரவில் எத்தனை மணிவரை ஓடுகிறது, பனிக்காலத்தில் அறையைச் சூடாக்க மின்கட்டணம் தனியா என்று கேட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பயணத்தின் முழுப் பயனும் இந்தக் கடைசிப் பேச்சில்தான் கிடைக்கிறது.

பட்டத்துக்கான மதிப்பெண் அலகு (கிரெடிட்) தரும் எந்தப் படிப்பிலும் பதிவு செய்யக் கூடாது. 2002 ஏப்ரல் 12 முதல் நடப்பில் இருக்கும் விதியின்படி, பி-1 (வணிகப் பார்வையாளர்) அல்லது பி-2 நிலையில், அதாவது அந்த வகையில் உள்ளே அனுமதிக்கப்பட்டு, இருப்பவர் ஒரு படிப்பில் சேர்ந்தாலே அந்த நிலையை மீறியவராவார். வார இறுதியில் ஒரு சமையல் வகுப்புக்குப் போவது போன்ற பொழுதுபோக்கு இதில் சேராது. ‘கோடைகாலத்தில் ஒரு பாடம் மட்டும்’ என்பது சேரும்.

பேராசிரியர் அன்போடு ‘ஒரு மாதம் ஆய்வகத்தில் வந்து உதவேன்’ என்று அழைத்தாலும், சம்பளம் இல்லையென்றாலும், ஏற்காதீர்கள். உழைப்பு உழைப்புதான், அதற்குரிய விசா வேறு.

8. அங்கிருந்தே மாணவராக மாறலாமா?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. வழி இருக்கிறது. ஐ-539 என்ற படிவத்தை, இணையவழியானால் 420 டாலரும் காகிதவழியானால் 470 டாலரும் கட்டி, ஐ-94 நாள் முடிவதற்குள் அனுப்பி, பி-2 நிலையிலிருந்து எஃப்-1 நிலைக்கு மாற்றக் கேட்கலாம். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அதன் வழியே போகச் சொல்ல மாட்டேன். காரணங்களைக் கேளுங்கள்.

முதலாவது, அனுமதி வரும்வரை வகுப்பில் கால் வைக்கக் கூடாது. அனுமதிக்குப் பல மாதம் ஆகலாம். படிப்பு தொடங்கும் நாள் கடந்துவிட்டால், பல்கலைக்கழகத்திடம் சொல்லி ஐ-20 படிவத்தில் தொடக்க நாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும்.

இரண்டாவது, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்று ஊருக்குப் புறப்பட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

மூன்றாவது, இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: மாறுவது நிலை மட்டுமே, பாஸ்போர்ட்டில் விசா வராது. முதல் தீபாவளிக்கு ஊருக்கு வந்தால், திரும்பிப் போகச் சென்னையில் எஃப்-1 நேர்காணலுக்கு நிற்க வேண்டும். தவிர்க்க நினைத்த அதே சாளரம்தான். அங்கே ‘சுற்றுலாவுக்கு என்று போய்ப் படிக்கச் சேர்ந்தது ஏன்’ என்ற கேள்வி கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நுழைந்த 90 நாட்களுக்குள் விசாவின் நோக்கத்துக்கு முரணாக, அனுமதியின்றிப் படிப்பில் சேர்வது போன்ற செயலில் இறங்கியவர் நுழையும்போதே உண்மையை மறைத்தார் என்று அனுமானிக்க வெளியுறவுத் துறையின் கையேடு இடம் தருகிறது.

மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ போய் எஃப்-1 விசாவை வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்ற பழைய யோசனையையும் மறந்துவிடுங்கள். தங்கள் நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வெளியுறவுத் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

உண்மையிலேயே படிக்கும் எண்ணமின்றிப் போய், அங்கு இருக்கும்போது நிலைமை மாறியவருக்கு இந்தப் படிவம் உதவலாம். அவர்கூட ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். இந்தக் கட்டுரையை நம்பிச் செய்ய வேண்டாம்.

9. திரும்பி வந்தபின் மாணவர் விசா

சொன்ன நாளில் திரும்பி வந்திருக்கிறீர்கள். அடுத்த நேர்காணலில் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி அதுதான்.

வரிசை இதுதான். சேர்க்கைக் கடிதம் வந்ததும், ஓராண்டுச் செலவுக்கான வங்கி இருப்பு, கல்விக்கடன் ஒப்புதல் ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஐ-20 படிவம் பெறுங்கள். அதில் பெயர், பிறந்த தேதி, பாடப்பிரிவு, தொடக்க நாள் நான்கையும் பாஸ்போர்ட்டோடும் சேர்க்கைக் கடிதத்தோடும் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் இந்த இடத்திலேயே திருத்துங்கள். அடுத்த படிகளெல்லாம் இதைப் பார்த்து எழுதப்படுபவை.

ஐ-20 படிவத்தின் மேற்பகுதியில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண், அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டில் உங்கள் எண், இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு 350 டாலர் செவிஸ் கட்டணத்தைக் கட்டி ரசீதை அச்சிட்டுக்கொள்ளுங்கள். பிறகு டிஎஸ்-160, அதன்பின் 185 டாலர் விசா கட்டணம், அதன்பின் நேர்காணல் நாள். படிப்பு தொடங்க 365 நாள் இருக்கும்போதே எஃப்-1 விசா வழங்கப்படலாம் என்பதால், ஐ-20 வந்த வாரமே தொடங்கிவிடலாம். தாமதிப்பதால் எந்த லாபமும் இல்லை.

டிஎஸ்-160 படிவத்தில் முந்தைய பயணத்தின் நுழைவு நாளும் தங்கிய நாட்களும் கேட்கப்படும். நினைவிலிருந்து எழுதாதீர்கள், சேமித்த ஐ-94 பதிவைப் பார்த்து எழுதுங்கள். பி-2 விண்ணப்பத்தில் கொடுத்த உறவினர் விவரமும் இதில் கொடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அண்ணன் இருப்பதை அன்று எழுதிவிட்டு இன்று மறைப்பது, இல்லாத சந்தேகத்தை உண்டாக்கும். பழைய படிவம் அவர்கள் திரையில் இருக்கிறது. நீங்களும் அதன் நகல் ஒன்றை வைத்திருங்கள்.

கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் அந்தப் படிவம் கேட்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் அக்கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். வளாகத்தில் எடுத்த படத்துக்குக் கீழே ‘இனி இதுதான் நம்ம ஊர்’ என்று விளையாட்டாக எழுதியிருப்பீர்கள். அதைப் படிப்பவர் விளையாட்டாகப் படிக்க மாட்டார்.

நேர்காணலில் ‘ஏன் இந்தப் பல்கலைக்கழகம்’ என்ற கேள்வி அநேகமாக வரும். மற்றவர்கள் தரவரிசையை ஒப்பிப்பார்கள். நீங்கள், ‘அக்டோபரில் நேரில் போய்ப் பார்த்தேன், இந்த ஆய்வகத்தில் இந்தக் கருவியில் மாணவர்களே வேலை செய்வதைக் கண்டேன், இந்தப் பாடத்துக்காகச் சேர்கிறேன்’ என்று சொல்லலாம். மூன்று வாரப் பயணத்தின் செலவு அந்த ஒரு பதிலில் திரும்பி வருகிறது.

10. இரண்டாம் முறை நுழையும்போது

இப்போது உங்கள் பாஸ்போர்ட்டில் இரண்டு விசா இருக்கக்கூடும். பழைய பி-2, புதிய எஃப்-1. இரண்டும் ஒரே நேரத்தில் இருப்பதில் தவறில்லை. தவறான விசாவில் நுழைவதுதான் தவறு.

எஃப்-1 நேர்காணல் நாள் கிடைக்கவில்லை, பி-2 கையில் இருக்கிறது, ஐ-20 படிவமும் வந்துவிட்டது, போய்ச் சேர்ந்துகொண்டு பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம் ஜூலை கடைசியில் எல்லோருக்கும் வரும். வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தொடக்க நாளை ஜனவரிக்குத் தள்ளிவைப்பது ஒரு பருவ இழப்பு மட்டுமே.

படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னர் எஃப்-1 விசாவில் நுழைய முடியாது. அதற்குள் அமையும்படி பயண நாளைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்போர்ட்டை நீட்டும்போது எஃப்-1 விசா உள்ள பக்கத்தைத் திறந்து, அதன்மேல் கையெழுத்திட்ட ஐ-20 படிவத்தை வைத்து, ‘மாணவராக வருகிறேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முந்தைய பயணப் பதிவைப் பார்த்துப் பழக்கத்தில் பி-2 என்று பதிந்துவிடும் பிழை நடக்கக்கூடியது. அதை அந்த மேசையிலேயே திருத்துவது எளிது, பிறகு திருத்துவது அலைச்சல்.

பச்சைக் கோப்பை இந்த முறை கைப்பையில் வையுங்கள். இறங்கிய அன்றே ஐ-94 பதிவை எடுத்து, வகை என்ற கட்டத்தில் எஃப்-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வகுப்புக்குப் போகும் முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அந்த அச்சோடு போய் நிற்க வேண்டும்.